எழச் சொல்லும் குரல்

சுங்யூவின் வேலை, நாட்டின் மிகப் பெரிய மனிதர்களை மண்டியிடச் செய்வது, நெற்றியால் தரையைத் தொடச் செய்வது, பிறகு எழுப்பிவிடுவது. அமைச்சர்களும் தளபதிகளும் அவர் வாய் திறக்கும்வரை காத்து நின்றார்கள். அவர் குரல் கேட்டதும் விழுந்தார்கள். இத்தனைக்கும் அவர் ஒன்பதாம் படி அதிகாரி. அதற்குக் கீழே படியே கிடையாது.

அரசவைச் சடங்குகளுக்கென்று இருந்த அலுவலகத்தில் அவர் அறிவிப்பாளர். புத்தாண்டு, நடுக்குளிர் விழா, சக்கரவர்த்தியின் பிறந்தநாள் என்று ஆண்டுக்கு மூன்று பெருஞ்சபைகள். சாட்டைக்காரர்கள் நீளச் சாட்டையை மும்முறை சொடுக்கி முற்றத்தை அமைதிப்படுத்துவார்கள். அதன்பின் அந்தப் பரந்த கல்முற்றத்தில் கேட்க அனுமதிக்கப்பட்ட மனிதக் குரல்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று சுங்யூவுடையது. சொல்ல வேண்டியதும் மூன்றே சொற்கள்: மண்டியிடு, தலைவணங்கு, எழு. ஒவ்வொரு பெருஞ்சபையிலும் இது மூன்று சுற்று நடக்கும். மூன்றும் பழைய மஞ்சு மொழி, ஆளும் வம்சத்தின் சொந்த மொழி. முற்றத்தில் நின்ற தெற்கத்தி அறிஞர்கள் பலருக்கு அந்த மொழியில் இந்த மூன்றைத் தவிர வேறு சொல் தெரியாது. சுங்யூ, பரம்பரைப் படைவீரர்களான மஞ்சுக் கொடிப்படைக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் அவருக்கும் அதற்கு மேல் அதிகம் தெரியாது என்பதை எங்கள் சந்தில் எல்லோரும் அறிவோம்.

மணிக்கூண்டுக்கு மேற்கே உள்ள சந்தில், ஒரே முற்றத்தைச் சுற்றிய வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். அவர் வடக்குப் பக்கம், நான் தெற்கு. நான் அரசவைச் செய்தித்தாள் அச்சிடும் கடையில் இருந்தேன். காலையில் அரண்மனை வாசலில் கூட்டத்தோடு இடித்துக்கொண்டு நின்று, வெளியே வரும் உத்தரவுகளை எழுதிக்கொண்டு ஓடிவந்து, மாலைக்குள் மர எழுத்துகளில் கோத்து அச்சடிப்பது எங்கள் பிழைப்பு. ஆகவே அரண்மனைக்குள் நடப்பதில் பாதி எனக்கு வாசலில் தெரிந்தது. மீதிப் பாதி சுங்யூ வீட்டுச் சமையலறைச் சுவர் வழியாகத் தெரிந்தது.

பெருஞ்சபை நெருங்கினால் சுங்யூ பேசமாட்டார். குரலைச் சேமிப்பார். வீட்டில் எல்லாம் கையசைவுதான். காரம் இல்லை, குளிர்ந்த தண்ணீர் இல்லை. காலையில் ஒரு கரண்டி பேரிக்காய்ப் பாகு, வெந்நீரில். அவர் மனைவி லான்ஷினுக்கு அந்த நாட்கள்தான் திருவிழா. சேர்த்து வைத்திருந்த சண்டையையெல்லாம் அப்போதுதான் போடுவாள். எதிர்ப்பேச்சு வராது.

"சபையில அத்தனை பெரிய மனுஷங்களை விழ வைக்கிறீங்க. இங்க தண்ணி வண்டிக்காரனை ஒரு குரல் கூப்பிட ஆளில்லை" என்பாள். சுங்யூ தொண்டையைத் தொட்டுக் காட்டுவார். "ஆமா, அது மகாராஜா தொண்டை. நான் கத்திக்கறேன். என் தொண்டை அரசாங்கத்துது இல்லையே" என்று வாசலுக்குப் போவாள்.

குரலில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டேன். அவர் சொன்ன விவரத்தை நான் அதற்குமுன் யோசித்ததே இல்லை. மண்டியிடச் சொல்வதும் தலைவணங்கச் சொல்வதும் எளிது. விழுவதற்கு எல்லோரும் தயாராகத்தான் இருக்கிறார்கள். எழுப்புவதுதான் சிரமம். விதி என்னவென்றால், 'எழு' என்ற குரல் ஓயும்போது எல்லோரும் நின்றிருக்க வேண்டும். ஓய்ந்த பிறகும் தரையில் இருப்பவர் சபையை அவமதித்தவர் ஆகிறார். வரிசைகளுக்கு நடுவே நிற்கும் ஒழுங்குக் கண்காணிப்பாளர் அவர் பெயரைக் குறித்துக்கொள்வார்.

ஆக, குரல் ஒலிக்கும்வரை ஒருவரும் தாமதித்தவர் இல்லை. குரல் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

சுங்யூ அதைக் கண்டுபிடித்தது திட்டம் போட்டல்ல. படிக்கட்டின் மேல் நின்று பார்ப்பவருக்கு முகங்கள் தெரியாது. தொப்பிகளின் உச்சிதான் தெரியும். ஆனால் ஒவ்வொருவரும் எழுகிற விதம் தெரியும். ஒருவர் துள்ளி எழுவார், ஒருவர் முனகிக்கொண்டு எழுவார், ஒருவர் முதலில் பின்பக்கத்தைத் தூக்கிப் பிறகு தலையைக் கொண்டுவருவார். இரண்டாம் படி அதிகாரிகள் நிற்கும் இடத்தைக் காட்டும், குன்று வடிவ வெண்கல அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். அவர் எழும்போது இடது கை தரையைத் தேடும். வலது கால் முன்னே வரும். அப்புறம் சற்று நேரம் ஒன்றும் நடக்காது. அந்தச் சற்று நேரத்தில்தான் ஒரு பிறந்தநாள் சபையில் சுங்யூ குரலை முடிக்காமல் இழுத்தார். அந்தச் சொல் உயிரெழுத்தில் முடிவதால் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். அந்த மனிதர் எழுந்து நின்றதும் நிறுத்தினார்.

அடுத்த சபையிலும் அப்படியே செய்தார். அதன்பின் அது பழக்கமாகிவிட்டது.

இது வெளியே யாராலும் பேசப்படவில்லை. ஆனால் பேரிக்காய்ப் பாகு ஜாடிகள் வர ஆரம்பித்தன. வேலைக்காரர்கள் வந்து வைத்துவிட்டுப் போவார்கள். யார் அனுப்பியது என்று கேட்டால், எங்கள் ஐயாவுக்கு அதிகமாக வந்துவிட்டது என்பார்கள். முழங்காலில் பஞ்சு வைத்துத் தைத்த காற்சட்டையோடு சபைக்குப் போகும் கிழவர்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர் என்று ஜாடிகளை வைத்தே சொல்லிவிடலாம். லான்ஷின் அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். எங்கள் சந்தில் அந்தக் குளிர்காலம் ஒரு குழந்தைக்கும் இருமல் இல்லை.

அந்த இடது கைக்காரர் யார் என்று நான்தான் விசாரித்துச் சொன்னேன். பொதுப்பணி அமைச்சகத்தின் துணை அமைச்சர் ஹே ருன்ஷெங். ஹூனான் மாகாணத்துக்காரர். மஞ்சள் ஆற்றின் கரையில் வாழ்க்கையின் பாதியைக் கழித்தவர்.

இப்படியே போயிருக்கும். ஆனால் சடங்கு அலுவலகத்துக்குப் புதிய தலைமை அதிகாரி வந்தார். பெயர் ருய்ச்சுன். படைப்பிரிவிலிருந்து வந்தவர், கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு வரிசை நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். குரல் நீண்டதால் இளையவர்கள் முதலில் எழுந்து நிற்க, கிழவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் முளைத்தார்கள். அது அவர் கண்ணை உறுத்தியது. அரிவாள் வீசினால் கதிர்கள் ஒரே நேரத்தில் சாய்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். அரிவாள் சாய்க்கத்தானே செய்யும், எழுப்புமா என்று சுங்யூ என்னிடம்தான் கேட்டார். அவரிடம் கேட்கவில்லை.

அந்த ஆண்டு நடுக்குளிர் விழாவுக்கு முன்னால் சுங்யூவுக்குச் சளி பிடித்துவிட்டது. அவருக்குப் பதிலாக ஜிலாங் என்ற அறிவிப்பாளர் நின்றார். ஜிலாங்கின் குரல் நல்ல கூர்மை. ஆனால் கதவைச் சாத்துகிற மாதிரி சட்டென்று முடிந்துவிடும். ஹே ருன்ஷெங் எழவில்லை. குரல் ஓய்ந்தது. முற்றம் முழுக்க நிற்க, அவர் ஒருவர் மட்டும் ஒரு கையை ஊன்றியபடி தரையில் இருந்தார். கண்காணிப்பாளர் குறித்துக்கொண்டார்.

தண்டனையாகச் சம்பளம் பிடித்தார்கள். கூடவே எச்சரிக்கையும் வந்தது. இன்னொரு முறை நடந்தால் பதவியும் படியும் பறிபோகும், ஆற்றங்கரை வேலைக்காகக் கிடைத்த மரியாதைகளும் போகும். எங்கள் செய்தித்தாளில் அது வந்தது. அந்த வரியை நாங்கள்தான் கோத்தோம்.

ஹே ருன்ஷெங் உடனே ஓய்வு கேட்டு விண்ணப்பித்தார். வந்தது வினை. முதல் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்வது மரியாதை இல்லை. நீங்கள் இல்லாமல் எப்படி என்று அன்பாக மறுத்து, ஏதாவது பரிசும் அனுப்ப வேண்டும். சிம்மாசனம் அன்பாக மறுத்தது. ஒரு பெட்டி ஜின்செங் மருந்து வேர் அனுப்பியது. அப்படி அன்பு காட்டப்பட்டவர் அடுத்த பெருஞ்சபைக்கு வந்து வணங்கி நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. காய்ச்சல், வயிற்றுவலி எதையும் சொல்ல முடியாது. முழங்காலைக் காப்பாற்றக் கேட்ட ஓய்வு, அவரைப் புத்தாண்டு அன்று நேராக அந்தக் கல்தரைக்கே கொண்டுவந்து நிறுத்தியது.

புத்தாண்டுக்கு முன்பான ஒத்திகையில் ருய்ச்சுன் சுங்யூவைக் கூப்பிட்டார். பக்கத்தில் முரசுக்காரரை நிறுத்தி ஒரு அடி அடிக்கச் சொன்னார். அந்த முழக்கம் அடங்குவதற்குள் 'எழு' முடிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மூச்சு நீண்டாலும் அன்றைக்கே பெயர் நீக்கப்படும், அந்த இடம் ஜிலாங்குக்குப் போகும். சபையில் தானே பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்றும் சொன்னார்.

சுங்யூவிடம் நிலம் கிடையாது, கடை கிடையாது. அந்தச் சம்பளமும், பருவத்துக்கு ஒருமுறை வரும் அரிசியும்தான் அந்த வீடு. அதோடு, நாற்பத்தைந்து வயதில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை மூன்று சொற்களைச் சொல்வது.

இந்த நிலையில்தான் இருவரும் சந்தித்தார்கள். நடந்த இடம் குளியல் கடை.

சுங்யூ சபைக்கு முன்னால் ஆவி பிடிக்க அங்கே போவார். கொதிக்கும் தொட்டிக்குப் பக்கத்துத் தொட்டியில் ஒரு கிழவர் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். துணை அமைச்சர்கள் பொதுக் குளியல் கடைக்கு வருவதில்லை. வீட்டில் தொட்டி இருக்கும். ஆனால் வீட்டுத் தொட்டியில் சூடு நிற்காது என்று இவர் ரகசியமாக வந்துகொண்டிருந்தார். தொப்பி இல்லை, அங்கி இல்லை, மணிமாலை இல்லை. சுங்யூவுக்கு யாரென்று தெரியவில்லை. கிழவர் தொட்டியிலிருந்து எழப் பார்த்தார். இடது கை விளிம்பைத் தேடியது. வலது கால் முன்னே வந்தது. அப்புறம் சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

சுங்யூவுக்குப் புரிந்துவிட்டது. பழக்கத்தில் ஒரு முழங்காலை மடித்து வணங்கப் போனார். இடுப்பில் ஒரு துண்டு மட்டும் இருக்கும்போது அந்த வணக்கத்தை எப்படிச் செய்வதென்று எந்த விதியிலும் இல்லை. பாதியில் நின்றுவிட்டார்.

கிழவர் மறுபடி தண்ணீரில் உட்கார்ந்தார். "நீங்கதானே அந்தக் குரல்? தண்ணிக்காரரோட பேசிட்டிருந்தப்ப கேட்டேன்."

"ஆமாங்க ஐயா."

"முகத்தை இன்னைக்குத்தான் பாக்கறேன். இத்தனை வருஷமா தரையைப் பாத்துக்கிட்டேதான் உங்களைக் கேட்டிருக்கேன். உள்ள வாங்க, குளிருது. இங்க எனக்கு எந்தப் படியும் இல்ல."

சுங்யூ தொட்டியின் மறுமூலையில் இறங்கினார்.

"உங்க அலுவலகத்துல புது உத்தரவாமே" என்றார் கிழவர்.

"ஆமாங்க."

"அதும்படியே செய்ங்க. அதைச் சொல்லலாம்னுதான் ஆள் அனுப்ப இருந்தேன். ஆள் அனுப்பினா நாலு பேருக்குத் தெரியும். என் முட்டிக்காக உங்க வீட்டு அரிசி போக வேணாம்."

"ஐயாவால எழுந்திருக்க முடியுமா?"

"முடியாது" என்று சிரித்தார் கிழவர். "மொத ரெண்டு தடவை எப்படியோ எழுந்துருவேன். மூணாவது என் கையில இல்ல. மஞ்சள் ஆத்துல குளிர்காலம் முச்சூடும் இடுப்பளவு தண்ணியில நின்னு கரை போட்டோம். ஆறு என் முட்டியை எடுத்துக்கிட்டுக் கரையை விட்டுக் குடுத்துச்சு. நல்ல பேரம்தான், நான் குறை சொல்லல."

"பதவி போயிருமேங்க."

"போகட்டும். பதவியை வேணாம்னு நானே எழுதிக் குடுத்தவன்தானே. ஊர்ல என் பேரை எப்படிச் சொல்வாங்கன்னு நெனச்சாத்தான்..." தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக்கொண்டார். "சரி, நீங்க சின்னதாவே சொல்லுங்க. சொல்றீங்களா?"

சுங்யூ சரி என்றார். வேறென்ன சொல்வது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அதன்பின் குரலைச் சேமிக்க வாயை மூடிக்கொண்டார். லான்ஷின் மாவு பிசைந்துகொண்டே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். அதை நான் சுவர் வழியாகக் கேட்டேன். "அவரே வேணாம்னு சொல்லிட்டாரில்ல, அப்புறம் உங்களுக்கு என்ன? பெரிய இடத்து மனுஷன், அவருக்கு ஊர்ல வீடு இருக்கும், நெலம் இருக்கும். நமக்கு என்ன இருக்கு? ஜாடி இருக்கு. ஜாடியைத் திங்க முடியுமா?" மாவைப் பலகையில் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அவருக்குப் பஞ்சு வெச்சுத் தெச்சுக் குடுக்க வீட்டுல யாராச்சும் இருக்காங்களா, இல்லையா?" சுங்யூ என்ன சைகை செய்தாரோ தெரியாது. "என்னை ஏன் பாக்கறீங்க. சும்மா கேட்டேன்" என்றாள்.

புத்தாண்டுக் காலை. பனியைக் கூட்டித் தள்ளியிருந்தார்கள். ஆனால் கல்லின் மேல் கண்ணாடிபோல ஒரு படலம் ஒட்டியிருந்தது. நான் வழக்கம்போல வாசலுக்கு வெளியே பல்லக்குகளுக்கும் குதிரைகளுக்கும் நடுவே நின்றேன். உள்ளே நடந்ததைச் சுங்யூவும், முரசு மேடையில் இருந்த ஒருவரும், இன்னும் இரண்டு பேரும் பிற்பாடு சொன்னார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். அரண்மனை விவகாரத்தில் அது அபூர்வம்.

சாட்டை சொடுக்கியது. இசை எழுந்தது. வாழ்த்து மடல் படிக்கப்பட்டது. ருய்ச்சுன் சுங்யூவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். முதல் சுற்று. மண்டியிட்டார்கள், தலைவணங்கினார்கள். 'எழு' என்றார் சுங்யூ. சுருக்கமாக, முரசின் ஒரு முழக்கம் நீடிக்கும் நேரத்துக்குள். முற்றம் ஒரே வெட்டாக எழுந்தது. ருய்ச்சுன் திருப்தியோடு மூச்சுவிட்டது அவருக்குக் கேட்டது. ஹே ருன்ஷெங்கும் எழுந்துவிட்டார். தொப்பி மட்டும் ஒரு பக்கம் ஆடியது.

இரண்டாம் சுற்று. சுங்யூ மறுபடி சுருக்கமாகவே சொன்னார். இந்த முறை கிழவர் கடைசி ஆள். குரல் ஓய்ந்ததும் அவர் நிமிர்ந்ததும் ஒன்றாக நடந்தன. பக்கத்து வரிசைக் கண்காணிப்பாளர் அவரைப் பார்த்துத் தலையைத் திருப்பினார். அதன்பின் பார்வையை எடுக்கவில்லை.

மூன்றாம் சுற்று. மண்டியிட்டார்கள். கடைசியாக நெற்றி தரையைத் தொட்டது. தொப்பிகளின் உச்சிகள் எல்லாம் அசையாமல் கிடந்தன. சுங்யூ மூச்சை இழுத்தார். அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். எதையும் நினைக்கவில்லை, சுருக்கமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்றார்.

'எழு' என்றார். வரிசைகள் எழுந்தன. முரசின் முழக்கத்துக்கான நேரம் முடிந்தது. இடது கை தரையைத் தேடிக்கொண்டிருந்தது.

சுங்யூ நிறுத்தவில்லை.

வலது கால் முன்னே வந்தது. பனிப்படலத்தில் வழுக்கிப் பின்னே போனது. மறுபடி வந்தது. ருய்ச்சுன் அங்கியின் கைக்குள்ளிருந்து விரலை நீட்டி வெட்டுவதுபோல அசைத்தார். அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் நின்ற இடத்தில் இருமுவதே குற்றம். முரசுக்காரர் கோலைத் தூக்கியபடி நின்றார். குரல் ஓயாமல் அடிக்கக்கூடாது. மற்றக் கையாலும் கோலைத் தாங்கிக்கொண்டேன் என்றார். முற்றத்தில் எல்லோரும் நின்றுகொண்டு, தங்களை எழச் சொல்லும் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். குரல் மெலிந்தது. கம்பிபோல ஆனது. ஆனாலும் அறுபடவில்லை. கண்காணிப்பாளர் பார்த்தபடி இருந்தார். குரல் ஒலிக்கும்வரை குறிக்க அவருக்கு உரிமை இல்லை.

கிழவர் எழுந்து நின்றார். மணிமாலையைச் சரிசெய்துகொண்டார். சுங்யூ வாயை மூடினார். முரசில் அடி விழுந்தது.

அன்று மதியம் சடங்கு அலுவலகத்தில் ருய்ச்சுன் அவரை நிற்க வைத்தார். சுங்யூவின் குரல் கரகரத்துப் போயிருந்தது. ருய்ச்சுன் கத்தவில்லை. தூரிகையை மையில் தோய்த்துக்கொண்டே சொன்னார்: "சொல்லித்தான் வெச்சேன். உன்னைப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கில்ல."

"இருக்குங்க ஐயா" என்றார் சுங்யூ.

நீக்கும் உத்தரவில் காரணம் எழுத வேண்டும். புத்தாண்டுப் பெருஞ்சபையில் அழைப்பு முறைதவறி நீண்டது என்று ருய்ச்சுன் எழுத ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் கையை நிறுத்தினார். முறைதவறியது என்று எழுதினால், சிம்மாசனத்துக்கு முன்னால், ஆண்டின் முதல் நாளில், சடங்கு பிழையாக நடந்தது என்று ஆகும். பக்கத்தில் ஒரு கை தூரத்தில் நின்ற தலைமை அதிகாரி என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பார்கள். முரசு ஏன் காத்திருந்தது என்று கேட்பார்கள். கண்காணிப்பாளர்கள் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்குள் இசைப் பிரிவு தன் அறிக்கையை அனுப்பிவிட்டது: வழக்கப்படி நடந்தது. கண்காணிப்பாளர்களும் அனுப்பிவிட்டார்கள்: வழக்கப்படி நடந்தது. அலுவலகத்துக்கு மேலே இருந்த சடங்கு அமைச்சகமும் அதையே எழுதியது. அது எங்கள் கடைக்கும் வந்து, மாலை இதழில் அப்படியே அச்சானது.

ருய்ச்சுன் தாளை மடித்துக் கணப்பு நெருப்பில் போட்டார். "வீட்டுக்குப் போ" என்றார். "தொண்டைக்கு ஏதாவது குடி."

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. அதற்குப் பிறகு எந்தப் பெருஞ்சபைக்கும் சுங்யூவின் பெயரை அவர் எழுதவில்லை. அரிசி வந்தது, சம்பளம் வந்தது. கல்முற்றம் மட்டும் போய்விட்டது. கப்பம் கொண்டுவரும் கொரியத் தூதர்களும் ரியூக்யூத் தீவுகளின் தூதர்களும் சபைக்கு முன்னால் அலுவலகக் கொட்டகையில் வணங்கிப் பழக வேண்டும். அவர்களுக்குக் குரல் கொடுக்கும் வேலை சுங்யூவுக்கு வந்தது. அந்தக் கம்பிக் குரலை இழுத்த நாளிலிருந்து அவர் தொண்டையில் மேல்சுருதி போய்விட்டது. கொட்டகைக்கு அது போதும். கொரியர்கள் நம்மைவிட அழகாக வணங்குகிறார்கள், பாதிப் பேருக்கு நான் சொல்வதற்கு முன்பே எல்லாம் தெரிந்திருக்கிறது என்று சிரிப்பார். சிரித்தாலும், சாட்டைச் சத்தம் சந்துவரை கேட்கும் நாட்களில் அவர் வீட்டில் இருக்கமாட்டார். குளியல் கடைக்குப் போய்விடுவார்.

பிறந்தநாள் சபைக்கு ஜிலாங்கை நியமித்தார்கள். அங்கேதான் ருய்ச்சுனே எதிர்பாராத சிக்கல் வந்தது. புத்தாண்டுச் சடங்கு வழக்கப்படி நடந்தது என்று எல்லா அறிக்கையும் சொல்லிவிட்டது. ஆகவே புத்தாண்டில் கேட்ட நீளமே வழக்கம். அதைவிடக் குறைந்தால் அதுதான் பிழை. இதைச் சடங்கு அமைச்சகம் வாய்மொழியாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியது. ஜிலாங் எங்கள் முற்றத்துக்கு வந்து நின்றார்.

"அண்ணே, நல்லா இருப்பியா நீ. கிழவனை எழுப்பிட்டு என்னைப் படுக்க வெக்கப் பாக்கறே" என்றார். "பாதியிலேயே எனக்குக் கண்ணு இருட்டுது."

சுங்யூ உள்ளே போய் இரண்டு ஜாடி பேரிக்காய்ப் பாகு எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். பின்னாலேயே வந்த லான்ஷின், "இன்னும் இருக்கு, வண்டி கொண்டு வாங்க" என்றாள்.

ஹே ருன்ஷெங்கின் இரண்டாம் விண்ணப்பம் வசந்தத்தில் ஏற்கப்பட்டது. இரண்டாவதை ஏற்கலாம். எல்லா மரியாதைகளோடும் ஊருக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. புறப்படுவதற்கு முன் அவர் வீட்டு ஆள் வந்து, ஐயா தேநீருக்கு அழைக்கிறார் என்று சுங்யூவிடம் சொன்னான். சுங்யூ இருப்பதில் நல்ல அங்கியை அணிந்துகொண்டு போனார். அங்கே நடந்ததை அவர் எனக்குச் சொன்னது ஒரே ஒருமுறை.

பெரிய வீட்டில் சின்ன அதிகாரிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எப்போது கிளம்புவது. வீட்டுக்காரர் தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் பேச்சு முடிந்தது. வேலைக்காரன் உடனே வாசலில் நின்று விருந்தினர் கிளம்புகிறார் என்று கூவுவான். சுங்யூ நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் அதைத் தொடவில்லை. ஆற்றைப் பற்றிப் பேசினார். ஹூனானில் மிளகாய் எப்படி இருக்கும் என்று பேசினார். இருவரும் புத்தாண்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தேநீர் ஆறிப்போனது. வேலைக்காரன் கதவருகே கூவக் காத்து நின்று நின்று, கடைசியில் சாய்ந்து நின்றுகொண்டான்.

கடைசியில் சுங்யூவே எழுந்தார். கிழவரும் எழுந்தார்.

ஒன்பதாம் படிக்காரரை வழியனுப்ப இரண்டாம் படிக்காரர் எழத் தேவையில்லை. தலையசைத்தால் போதும். மனம் இருந்தால் அறைக்கதவு வரை வரலாம். அது பெரிய மரியாதை. கிழவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு அறைக்கதவுக்கு வந்தார். சுங்யூ, போதும் ஐயா, நில்லுங்கள் என்று வணங்கினார். கிழவர் காதில் விழாததுபோல வாசற்படியைத் தாண்டினார். உள்முற்றத்தின் நடுவில் சுங்யூ மறுபடி நின்று வணங்கினார். கிழவர் அவரைத் தாண்டி நடந்தார். அலங்காரக் கதவின் உயரமான படி வந்தது. இடது கை நிலையைத் தேடியது. வலது கால் முன்னே வந்தது. சுங்யூ கையை நீட்டவில்லை. நீட்டினால் பார்த்ததாக ஆகிவிடும். பக்கத்துச் செடியைப் பார்த்தபடி நின்றார். கிழவர் தாண்டினார். வெளிமுற்றத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

தெருவாசல் வரை வந்துவிட்டார். இளவரசர்களுக்கும் தலைமை அமைச்சர்களுக்கும்தான் அவ்வளவு தூரம் வருவார்கள். வாசற்படியில் தடியை ஊன்றி நின்று, "போயிட்டு வாங்க" என்றார். "நான் இங்கேயே நிக்கறேன், நீங்க முக்குத் திரும்பற வரைக்கும்."

சுங்யூ ஒரு முழங்காலை மடித்து வணங்கிவிட்டுத் திரும்பினார். சாதாரணமாக ஆற அமர நடப்பவர். அன்று அந்த வீதியில் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சந்தைக்குப் பிந்திப் போகிறவர்போல, முடிந்த மட்டும் வேகமாக நடந்தார். அந்தக் கிழவர் வாசலில் ஒரு நொடிகூட அதிகமாக நிற்க வேண்டாமே என்று.